பதினாறு பக்கம் குறைந்த பிரதி

நேற்று உங்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்து, நாலு பக்கத்துக்குத் தட்டச்சு செய்த பேச்சு ஒன்றைக் காட்டினார். அடுத்த வாரம் மேடையேறப் போகும் எழுத்தாளருக்காக அவரே எழுதியதாம். "நன்றாக இருக்கிறதா சார்?" என்று கேட்டார். நன்றாகத்தான் இருந்தது. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. இதே காரியத்தை நானும் செய்து, ஒரு நல்ல எழுத்தாளரைக் கவிழ்க்கப் பார்த்திருக்கிறேன். அதை அவர் ஒருவருக்கு மட்டும் சொல்வானேன்? பதிப்பகங்களில் கூட்டம் நடத்தப் புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லோருக்குமே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாவது உலக யுத்தம் முடியப்போகிற சமயம். எனக்கு இருபத்துநாலு வயது. தியாகராய நகரில், பனகல் பார்க்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பதிப்பகத்தில் வேலை. முன்பக்கம் புத்தகக் கடை, பின்பக்கம் அச்சுக்கூடம். என் வேலை கூட்டம் போடுவது. அந்தக் காலத்தில் புத்தகத்துக்கு விளம்பரம் என்றால் அதுதான். பத்திரிகையில் நாலு வரி மதிப்புரை வரும். மறுநாள் அதில் பக்கோடா மடித்துக் கொடுப்பார்கள். எழுத்தாளர் மேடையேறிப் பேசினால்தான் ஜனங்கள் 'ஓகோ, இவர்தானா அவர்?' என்று பார்த்துவிட்டு, வாசலில் மேஜை போட்டு அடுக்கியிருக்கும் புத்தகத்தைக் கையில் எடுப்பார்கள். மண்டபம் பிடிப்பது, துண்டு நோட்டீஸ் அடிப்பது, வாசலில் சந்தனமும் கற்கண்டும் வைப்பது, மைக்குக்காரரைத் தேடிப் பிடிப்பது எல்லாம் என் தலையில்தான். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை அக்கிராசனரைப் பிடிப்பது. கூட்டத் தலைவரை அப்போது அப்படித்தான் சொல்வோம். நோட்டீஸில் அவர் பெயரைப் பார்த்துத்தான் பாதிப் பேர் வருவார்கள்.

எங்கள் முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஜவுளிக்கடைக் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லோரும் துணி விற்க, இவர் ஒருவர்தான் புத்தகத்துக்கு வந்தவர். ஆனாலும் பேச்சிலிருந்து ஜவுளி போகவில்லை. தொழிலில் நான் கற்றுக்கொண்டது பாதி அவரிடம். மீதிப் பாதியைக் கற்றுக்கொடுத்தவர் பிலோமினா டீச்சர்.

டீச்சருக்குச் சாந்தோம். மாதா கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற குடும்பம். வீட்டில் பத்துப் பேர் என்றால் எட்டுப் பேர் வாத்தியார்கள். இவர் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். வயது நாற்பது இருக்கும். வெள்ளைப் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை, விரல் நுனியில் எப்போதும் சாக்குத்தூள். இப்படிப்பட்டவர் எழுதியது என்ன தெரியுமா? துப்பறியும் நாவல். முதல் பக்கத்திலேயே கத்திக்குத்து. புத்தகம் நன்றாகவே இருந்தது, ஆனால் கடையில் தூங்கியது. 'கணக்கு டீச்சரம்மாவுக்குக் கொலையைப் பற்றி என்ன தெரியும்?' என்று புரட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுவார்கள்.

ஒரு நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சரோட ரெண்டாவது புஸ்தகத்துக்கு எழுத்துக் கோத்து மாசம் ஒண்ணாச்சு. இருக்கிற எழுத்தெல்லாம் அதுல முடங்கிக் கெடக்கு. பஞ்சாங்கம் அடிக்கணும்லா? பேப்பருக்கு வேற கண்ட்ரோல். ரெண்டு கூட்டம் போட்டுப் பாரும். மொதப் புஸ்தகம் நகரலைன்னா எழுத்தப் பிரிச்சிருவேன், பாத்துக்கிடும்."

எழுத்தைப் பிரிப்பது என்றால், வரிவரியாகக் கோத்து வைத்த ஈய எழுத்துகளைக் கலைத்து மறுபடி அறைகளில் கொட்டிவிடுவது. அதற்குப் பிறகு அந்தப் புத்தகம் இல்லை. இருக்கிற கொஞ்சக் காகிதமும் பஞ்சாங்கத்துக்குப் போய்விடும்.

டீச்சரிடம் இதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை, சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். ஆனால் சாக்குத்தூள் இல்லாத விரலையும் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணு எழுதினா, ஏதோ தெரியாத்தனமா எழுதிட்டாங்கம்பாங்க தம்பி. ரெண்டாவது வந்தாத்தான் எழுத்துக்காரின்னு ஒத்துக்குவாங்க. தினம் விடியக்காலம் பூசைக்குப் போறதுக்கு முன்னாடி எழுந்து எழுதினது அது. பாத்து ஏதாவது செய்யுங்க."

நானும் பார்த்துச் செய்தேன். என்ன செய்தேன்? நாலு பக்கத்துக்கு ஒரு பேச்சு எழுதிக் கொடுத்தேன். 'அவையோரே, இலக்கியம் எனப்படுவது யாதெனில்' என்று தொடங்கும். எழுதி முடித்துவிட்டு நானே இரண்டு தடவை படித்து ரசித்தேன். டீச்சர் வாங்கிப் பார்த்தார்.

"நானே எனக்குத் தெரிஞ்ச மாதிரி பேசினா ஆகாதா தம்பி?"

"வகுப்பு வேற, மேடை வேற டீச்சர். உங்களுக்கு அனுபவமில்லை" என்றேன். பதினைந்து வருஷமாகத் தினம் ஐந்து மணி நேரம் நின்று பேசுகிறவரிடம் அப்படிச் சொன்னேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

முதல் கூட்டம் தியாகராய நகரில் ஒரு வாசகசாலையில். டீச்சர் காகிதத்தைப் பார்த்தபடியே கடகடவென்று படித்து முடித்தார். ஜனங்கள் மரியாதையாகக் கை தட்டினார்கள், மரியாதையாக எழுந்தார்கள், மேஜையை மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். விற்றது ஒரே ஒரு பிரதி. அதையும் வாசகசாலைக்காரர்கள் மண்டபம் கொடுத்த தோஷத்துக்காக வாங்கிக்கொண்டார்கள்.

"சேலைய விரிச்சுக் காட்டும்யான்னா, நீரு சேலை வச்சிருந்த பொட்டியோட பெருமையப் பேசிட்டு வந்திருக்கீரு" என்றார் முதலாளி.

எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. அடுத்த கூட்டம் மயிலாப்பூரில்; படித்த சபை, அங்கே இன்னும் கனமாகப் பேச வேண்டும் என்று முடிவு செய்து, ஆறு பக்கத்துக்கு எழுதினேன். அக்கிராசனராக ஓய்வுபெற்ற ஜில்லா ஜட்ஜ் ஒருவரைப் பிடித்தேன். மயிலாப்பூரில் அவர் தலைமை என்றால் மண்டபம் நிறையும். தாமதமாக வருகிறவர்களை மேடையிலிருந்தே கண்ணால் கண்டிப்பார். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

இங்கேதான் நான் செய்த தவறு வருகிறது, கவனியுங்கள். அக்கிராசனர்களுக்கு அனுப்ப எங்கள் ஆபீஸில் ஒரு கடிதம் அச்சடித்தே வைத்திருப்போம். பெயரையும் கிழமையையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டால் போதும். 'நூலின் உட்பொருளை ஆதியோடந்தமாக எடுத்துரைத்துச் சபையோரை மகிழ்விக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்' என்று அதில் ஒரு வரி. நாங்கள் அதிகம் வெளியிட்டது புராண விளக்கங்களும் மகான்களின் சரித்திரங்களும். அவற்றின் முடிவு எல்லோருக்கும் தெரிந்ததுதானே. அக்கிராசனர் முழுக் கதையையும் சொன்னால் கூட்டம் உருகிப்போய்ப் புத்தகம் வாங்கும். அதே கடிதத்தில் ஜட்ஜின் பெயரை நிரப்பி, துப்பறியும் நாவலின் பிரதி ஒன்றையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். அந்த வரியை நான் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

லஸ் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். சாயங்காலம் ஐந்தரை மணி. இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள், உட்கார இடமில்லை. முன்வரிசையில் பாட்டு வாத்தியார்கள் இரண்டு பேர் ஜரிகை வேஷ்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி கடைசியில் சுவரோரமாக நின்றார்.

ஜட்ஜ் எழுந்தார். புத்தகத்தை மூன்று தடவை படித்து, கேஸ் கட்டு மாதிரி ஓரமெல்லாம் பென்சிலால் குறித்திருந்தார். நகைக்கடைக்காரர் மாடி அறையில் குத்துப்பட்டுக் கிடப்பது, தம்பியின் மேல் விழும் சந்தேகம், குமாஸ்தா சொல்லும் பொய் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். சபை மூச்சு விடாமல் கேட்டது. நான் ஓரத்தில் நின்று தலையை ஆட்டி ஆட்டிச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன், மடையன் மாதிரி. நாற்பது நிமிஷம் கழித்து அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆகவே சபையோரே, சாட்சியங்களையெல்லாம் சீர்தூக்கிப் பாத்துண்டு வந்தா ஒரே முடிவுதான். கொலை பண்ணினது அந்தாத்துக்கு வந்து போயிண்டிருந்த பாட்டு வாத்தியார். இதுல லவலேசமும் சந்தேகமில்லே."

முன்வரிசைப் பாட்டு வாத்தியார்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மண்டபம் முழுக்க 'ப்ச்' என்று ஒரு சத்தம். நடுவரிசையில் ஒரு அம்மாள், "அவ்வளவுதானே, கெளம்புங்கோ" என்று பக்கத்தில் இருந்தவர்களையும் கிளப்பினார். உள்ளே வரும்போதே ஆசையாக ஒரு பிரதியை எடுத்து வந்திருந்த ஒருவர், திரும்பிப் போய் அதை மேஜையில் வைத்துவிட்டு வந்தார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மைக்குக்காரர் என் தோளைத் தட்டினார். "இன்னா சார், பட்டுனு போட்டு ஒடச்சிட்டாரு! ஒயரப் புடுங்கிடட்டா?"

"இனிமே புடுங்கி என்னய்யா ஆகப் போகுது?"

முதலாளியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை. பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சாங்கத்துக்கு நாள் குறிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

குனிந்தபடியே மேடைக்குப் போய், டீச்சரின் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டேன். "டீச்சர், நீங்க பேச வேண்டாம். நன்றி சொல்லி வந்தனோபசாரத்தோட முடிச்சுடலாம். இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றேன். இன்னொரு நாள் கிடையாது என்பது இருவருக்கும் தெரியும்.

டீச்சர் முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. மடியில் இருந்த என் ஆறு பக்கத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். "இதை மடிச்சுப் பையில வச்சுக்குங்க தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

மைக்குக்கு முன்னால் வந்தவர் ஒரு நிமிஷம் சபையைப் பார்த்தார். பிறகு சுற்றுமுற்றும் தேடினார். பள்ளிக்கூட மண்டபம் அல்லவா? மேடை மூலையில் முக்காலியின் மேல் ஒரு கரும்பலகை இருந்தது. அதைத் தாமே இழுத்து நடுவில் வைத்தார். கைப்பையிலிருந்து ஒரு சாக்குக்கட்டியை எடுத்தார்.

"அக்கிராசனர் ஐயா விடை சொல்லிட்டாங்க" என்றார். "விடை சரிதான். ஆனா என் வகுப்புல விடையை மட்டும் எழுதி வச்சா, பத்துக்கு ரெண்டு மார்க்குதான் போடுவேன். மீதி எட்டும் வழிக்கு."

எழுந்த அம்மாள் அப்படியே நின்றார். டீச்சர் பலகையில் ஒரு வீடு வரைந்தார்.

"இது கூடம். பாட்டு வாத்தியார் இங்க உக்காந்து பாடிக்கிட்டிருக்கார். அறுபது பேர் கேக்கிறாங்க. கச்சேரி முடியிற வரைக்கும் அவர் எந்திரிக்கவே இல்லை. இது மாடி அறை. கதவு உள்பக்கம் தாழ்ப்பாள். சன்னலுக்குக் கம்பி. உள்ளே நகைக்கடைக்காரர் குத்துப்பட்டுக் கெடக்கிறார். கச்சேரி ஆரம்பிச்சப்போ அவர் உசிரோட இருந்தார். யார் கொன்னாங்கன்னு ஐயா சொல்லிட்டாங்க, எப்படின்னு சொல்லலை. எப்படிக் கொன்னார்? தெரிஞ்சவங்க கை தூக்குங்க."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "கிராமபோன் தட்டு வச்சுட்டுப் போயிருப்பார்!"

"அறுபது பேரும் வாயசைக்கிறதைப் பாத்தாங்க. உக்காருங்க. அடுத்தது?"

"கூட ஒரு ஆள் இருந்திருப்பான்!"

"தனியாத்தான் செஞ்சார். யோசிச்சுச் சொல்லுங்க."

முன்வரிசைப் பாட்டு வாத்தியார் ஒருவர் பொறுக்க மாட்டாமல் எழுந்தார். "பாடிண்டே கொலை பண்றதுக்கு மூச்சு ஏதும்மா?"

"நல்ல கேள்வி. இதே கேள்வியை என் இன்ஸ்பெக்டரும் கேக்கிறார். எழுபதாம் பக்கத்துக்கு மேல வரும்."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. அந்த அம்மாள் உட்கார்ந்துவிட்டார், கிளப்பிவிட்டவர்களையும் உட்கார வைத்தார். ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் ஒரே கூச்சல். அப்போது மேடையிலேயே ஒரு கை உயர்ந்தது. யாருடைய கை என்று பார்த்தால் ஜட்ஜுடையது! டீச்சர் திரும்பினார்.

"நீங்க புத்தகத்தைப் பாத்துட்டீங்க ஐயா. கை தூக்கக் கூடாது."

ஜட்ஜ் கையை இறக்கிவிட்டார். அவரை அப்படி யாரும் அடக்கி மயிலாப்பூர் பார்த்ததில்லை. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவரும்தான் சிரித்தார்.

டீச்சர் பலகையை அழித்தார். "மணி அடிச்சாச்சு. மீதி வீட்டுப்பாடம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வந்தனோபசாரம் சொன்னது நான். என்ன சொன்னேனோ, யார் கேட்டார்கள்? எல்லோரும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். கொண்டுபோன இரண்டு கட்டும் தீர்ந்துபோனதும், கிடைக்காதவர்கள் பெயர் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். மைக்குக்காரர் முன்னாலேயே ஒன்றை எடுத்து ஒயர்ப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். "எனக்குப் படிக்க வராது சார். ஊட்ல தங்கச்சி கீது, அது படிச்சி சொல்லும்" என்றார்.

கூட்டம் கலைந்ததும் ஜட்ஜ் என்னை ஓரமாக அழைத்து என் கடிதத்தை நீட்டினார். "ஆதியோடந்தமா எடுத்துச் சொல்லணும்னு நீர்தானே ஓய் எழுதியிருந்தீர்?" அப்போதுதான் அந்த வரியைப் படித்தேன். 'ஆபீஸில் அச்சடித்தது' என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். "தப்பு என்னுடையதுதான் ஐயா. படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குத்தத்தை ஒத்துண்டாச்சு. போம்" என்று விட்டுவிட்டார். இந்தத் தொழிலில் பெரியவர்களிடம் பூசி மெழுகாதீர்கள். அவர்கள் நம்மைவிட அதிகம் பார்த்தவர்கள்.

மறுநாள் முதலாளி கடைக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். அவர் தாமதமாக வந்து நான் பார்த்ததே இல்லை. கையில் டீச்சரின் முதல் நாவல். தாம் வெளியிட்ட புத்தகத்தை அன்றைக்குத்தான் படித்திருக்கிறார்!

"வழி நல்லாத்தான்யா இருக்கு" என்றார். "ரெண்டாவத மெஷின்ல ஏத்தச் சொல்லும். பஞ்சாங்கத்துக்கு வெளிய எங்கயாவது எழுத்து எரவல் கேட்டுப் பாப்போம்."

சாந்தோமுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். பள்ளிக்கூட வாசலிலேயே நின்று சொன்னேன். டீச்சர் கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் சாக்குத்தூள். நான் என் ஆறு பக்கத்தை எடுத்து அவர் முன்னாலேயே கிழித்துப் போட்டேன். அதில் ஒரு வரிகூட அவருடையது இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஒருவர் எந்த வேலையைச் செய்து பழகியிருக்கிறாரோ, அந்த வேலையின் பேச்சுதான் மேடையிலும் அவருக்குக் கைகொடுக்கும். நேற்று வந்தவர் தம் எழுத்தாளரிடம், அவர் பகலெல்லாம் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டாரா?

இரண்டாவது நாவலுக்கு அடையாறில் கூட்டம். யாரை அக்கிராசனராகப் போடலாம் என்று டீச்சரிடம் கேட்டேன். "அதே ஜட்ஜ் ஐயாதான்" என்றார் டீச்சர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மறுபடியுமா? முழுசா சொல்லாம அவரால இருக்க முடியாது டீச்சர்."

"கேள்வித்தாளோட விடையையும் சேத்து யாராவது குடுப்பாங்களா தம்பி? பைண்டர்கிட்ட சொல்லுங்க."

கடைசிப் பதினாறு பக்கத்தைச் சேர்க்காமல் ஒரு பிரதி தைக்கச் சொன்னேன். கடிதத்தை இந்தத் தடவை என் கையால் எழுதினேன். ஆனாலும் அந்தப் பதினாறு பக்கத்தையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் அடையாறுக்குப் போனேன். அவர் கோபித்துக்கொண்டால் உடனே கொடுத்துக் காலில் விழுந்துவிடலாம் என்று எண்ணம்.

ஜட்ஜ் எழுந்தார். புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"இந்தப் புஸ்தகத்துக்கு வாலே இல்லே. நாலு நாளா ஆத்துல ஒரு காரியம் ஓடலே. என் ஆம்படையாள் கணக்குப்பிள்ளைங்கறா. நான் டாக்டர்ங்கறேன். சமையல்காரர் தினம் ஒரு பேர் சொல்லிண்டிருக்கார். சாட்சியம் பூர்த்தியாகாம தீர்ப்புச் சொல்லப்படாது. ஒத்தி வைக்கிறேன்."

அவ்வளவுதான் தலைமையுரை. நாங்கள் நடத்திய கூட்டங்களிலேயே மிகச் சின்னது. அதோடு நாற்காலிக்கும் போகவில்லை. மேடையிலிருந்து இறங்கி, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க நேரே மேஜைக்குப் போய், முழுப் பிரதி ஒன்றை வாங்கினார். வாங்கிய கையோடு கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

"ஐயா" என்றது மைக். டீச்சர் சாக்குக்கட்டியோடு நின்றுகொண்டிருந்தார். "கடைசிப் பக்கத்தை முதல்ல பாக்கக் கூடாது."

ஜட்ஜ் புத்தகத்தைச் சட்டென்று மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு, மேடைக்குத் திரும்பிவந்து கையைக் கட்டி உட்கார்ந்தார்.

டீச்சர் அதற்குப் பிறகும் எழுதினார். அந்தக் கதையெல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்தப் பதினாறு பக்கம் மட்டும் என் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது. இன்றும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் தாராளமாகத் தொட்டுப் பார்க்கலாம். கணக்குப்பிள்ளையா, டாக்டரா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். புத்தகம் கடையில் கிடைக்கிறது.